ஒத்தைத் தலைவலியோட கர்ப்பம்: என்கிட்ட திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

எனக்கு 19 வயசுல காலேஜ் ஹாஸ்டல்ல ஆரம்பிச்ச ஒத்தைத் தலைவலி, அதாவது மைக்ரேன், ரெண்டு பிரசவம் தாண்டி இன்னைக்கும் கூடவே இருக்கு. அதனால சொந்தத்துல, ஆபீஸ்ல, பக்கத்து வீட்ல யாருக்குத் தலைவலியோட நாள் தள்ளிப்போனாலும் போன் எனக்குத்தான் வருது, கேள்வியும் கிட்டத்தட்ட அதே கேள்விங்கதான். ஒவ்வொருத்தர்கிட்டயும் பஸ்ல நின்னுக்கிட்டு அரைகுறையா சொல்றதுக்குப் பதிலா ஒரே இடத்துல எழுதிடறேன். நான் டாக்டர் இல்லை. என்னைப் பார்த்த நியூரோ டாக்டரும் லேடி டாக்டரும் பொறுமையா சொல்லிக்குடுத்ததும், நானா தேடிப் படிச்சு அவங்ககிட்ட கேட்டு சரிபார்த்துக்கிட்டதும்தான் இதுல இருக்கு. இதைப் படிச்சுட்டு மாத்திரையை நீங்களா கூட்டறது குறைக்கறது வேண்டாம், டாக்டர்கிட்ட போய் உட்காரும்போது எதைக் கேக்கணும்னு தெரியறதுக்குத்தான் இது.

எனக்கு வர்றது சாதா தலைவலியா மைக்ரேனா, எப்படிக்கா தெரிஞ்சுக்கறது?

மைக்ரேன்னா பெரும்பாலும் ஒரு பக்கமா விண்ணு விண்ணுன்னு தெறிக்கும், மாடிப்படி ஏறினா கூடும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது, மருந்து போடலைன்னா 4 மணி நேரத்துல இருந்து 3 நாள் வரைக்கும் இழுக்கும். சிலருக்கு வலி வர்றதுக்கு முன்னாடி கண்ணு முன்னால வளைஞ்சு வளைஞ்சு மின்னல் மாதிரி கோடு ஓடும், பாதி எழுத்து தெரியாது, கை மரத்துப்போகும், அதுக்குப் பேரு ஆரா. அது பொதுவா ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடும்.

மாசத்துல 15 நாளோ அதுக்கு மேலயோ தலைவலி, அதுல 8 நாளாவது மைக்ரேன் மாதிரி, இப்படி 3 மாசத்துக்கு மேல ஓடுதுன்னா அதை நாள்பட்ட மைக்ரேன்னு சொல்றாங்க. "எனக்கெல்லாம் அவ்வளவு வராது"ன்னுதான் நானும் நினைச்சுட்டிருந்தேன். சமையல்கட்டு சுவத்துல தொங்கற மாசக் காலண்டர்ல, வலி வந்த நாளையெல்லாம் சிவப்பு பேனாவால வட்டம் போட்டுப் பாருன்னு டாக்டர் சொன்னாங்க. மாசக் கடைசியில எண்ணினா 17 வட்டம். அன்னைக்குத்தான் எனக்கே உறைச்சுது.

இவ்வளவு தலைவலியை வச்சுக்கிட்டு குழந்தை பெத்துக்கலாமா? குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமா?

தாராளமா பெத்துக்கலாம். மைக்ரேன் வலியால குழந்தைக்கு ஊனம் வராது. பிரச்சினை வலியில இல்லை, வலிக்குன்னு நாம போடற சில மாத்திரையில இருக்கு, அதைத்தான் கீழ விவரமா எழுதியிருக்கேன்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கணும். மைக்ரேன் இருக்கறவங்களுக்கு கர்ப்பத்துல பிபி ஏறற வாய்ப்பு மத்தவங்களை விடக் கொஞ்சம் அதிகம். அதனால முதல் செக்கப்லயே "எனக்கு மைக்ரேன் இருக்கு"ன்னு சொல்லி தாய் சேய் அட்டையில எழுதச் சொல்லுங்க, ஆராவும் இருந்தா அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்க. பாதிப்பேர் இதைச் சொல்றதே இல்லை, "தலைவலிதானே"ன்னு விட்டுடறாங்க. குழந்தைக்கும் பின்னாடி மைக்ரேன் வருமான்னா, இது குடும்பத்துல ஓடற வியாதிதான், வரலாம், ஆனா அதுக்காக யாரும் குழந்தை வேண்டாம்னு முடிவெடுக்க அவசியமே இல்லை.

அடுத்த வருஷம் ட்ரை பண்ணலாம்னு இருக்கோம். முதல்ல என்ன பண்ணணும்?

இந்தக் கேள்வியை யாராவது நாள் தள்ளிப்போறதுக்கு முன்னாடியே கேட்டா எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருக்கும், ஏன்னா பத்துல எட்டு பேர் பாசிட்டிவ் வந்ததுக்கப்புறம்தான் கேக்கறாங்க. குறைஞ்சது 6 மாசம் முன்னாடியே ஆரம்பிங்க. ஒரு காலண்டர்ல வலி வந்த நாள், போட்ட மாத்திரை, பீரியட்ஸ் தேதி மூணையும் குறிச்சுக்கிட்டே வாங்க.

அடுத்தது வீட்ல இருக்கற மாத்திரை எல்லாத்தையும், ஹேண்ட்பேக்ல இருக்கறது, டிவி மேல இருக்கறது, ஆபீஸ் டிராயர்ல இருக்கறது எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போங்க. இங்க ஒரு சிக்கல் இருக்கு. மெடிக்கல்ல நாலு மாத்திரை கேட்டா அட்டையை வெட்டிக் குடுத்துடறாங்க, பேர் இருக்கற பக்கம் கடையிலயே தங்கிடுது, நம்ம கையில வர்றது வெறும் வெள்ளை மாத்திரை. என் தங்கச்சி முறை ஒருத்தி அப்படித்தான் ரெண்டு வருஷம் "அந்த ரோஸ் கலர் மாத்திரை"ன்னு கேட்டு வாங்கிப் போட்டுட்டிருந்தா, உள்ள என்ன மருந்துன்னு கர்ப்பமான அப்புறம்தான் பார்த்தோம். முழு அட்டையா வாங்குங்க, இல்லைன்னா பேர் இருக்கற பக்கத்தை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

ஃபோலிக் ஆசிட் குழந்தைக்கு ட்ரை பண்ண ஆரம்பிக்கறதுக்கு குறைஞ்சது ஒரு மாசம், முடிஞ்சா 3 மாசம் முன்னாடியே தொடங்கணும். பெரும்பாலானவங்களுக்கு 400 மைக்ரோகிராம் போதும், வலிப்புக்குக் குடுக்கற வகை மாத்திரை போட்டுட்டு இருக்கறவங்களுக்கு 5 மி.கி. குடுப்பாங்க. எந்த அளவுன்னு டாக்டர் சொல்லட்டும்.

எந்தெந்த மாத்திரை ஆகவே ஆகாது?

முதல் இடம் வால்ப்ரோயேட், டைவால்ப்ரோயெக்ஸ்னும் வரும். வலிப்பு மாத்திரைதான், ஆனா மைக்ரேன் தடுக்கறதுக்கு நம்ம ஊர்ல நிறையவே எழுதறாங்க. கர்ப்பத்துல இதைச் சாப்பிட்டா 10 குழந்தையில ஒண்ணுக்கு பிறவிக் குறை வருது, முதுகுத்தண்டு சரியா மூடாததும் அதுல ஒண்ணு, அது போக 10ல 3, 4 குழந்தைக்குப் பேச்சு, புத்தி வளர்ச்சியில பின்தங்கல் வருது. 2013லயே அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, மைக்ரேனுக்காக இதைக் கர்ப்பிணிக்குக் குடுக்கவே கூடாதுன்னு சொல்லிடுச்சு. கல்யாணம் ஆகப்போற பொண்ணுக்கு இதை எழுதினா "இது வேண்டாம், வேற இருக்கா"ன்னு கேக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு.

ரெண்டாவது டோபிராமேட். உதடு, அண்ணம் பிளவு வர்ற வாய்ப்பு, எடை குறைஞ்ச குழந்தை. 2023ல ஐரோப்பிய மருந்து ஆணையம் இதுக்கு இன்னும் கெடுபிடி போட்டுது, குழந்தையோட மூளை வளர்ச்சி பத்தின கவலையும் சேர்ந்ததால. மூணாவது எர்காட்டமின், கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும், ரத்தக்குழாயையும் இறுக்கும். இது தனிப் பேர்ல வராது, வாசோகிரைன் மாதிரி நாலு மருந்து கலந்த மாத்திரைக்குள்ள இருக்கும், நம்ம பக்கம் மெடிக்கல்ல சீட்டு இல்லாமயே கேட்டு வாங்கறவங்களை நானே பார்த்திருக்கேன். பிபி மாத்திரை வகையில கேண்டிசார்டன் குழந்தையோட கிட்னியைக் கெடுக்கும், அதுவும் கூடாது.

மைக்ரேன் தடுக்கக் குடுக்கற ஃப்ளுனாரிசின் பத்தி கர்ப்பத்துல போதுமான அனுபவம் இல்லாததால நிறுத்தச் சொல்றாங்க. இதுல கவனிக்கணும், ப்ரொப்ரனலாலும் ஃப்ளுனாரிசினும் ஒரே மாத்திரையில சேர்ந்து வரும், ப்ரொப்ரனலால் பரவாயில்லை, ஃப்ளுனாரிசின் வேண்டாம், அப்போ டாக்டர் தனித்தனியா பிரிச்சுத்தான் எழுதணும். மாசம் ஒரு தடவை போடற புது ஊசி, எரினுமாப் மாதிரி, உடம்பை விட்டுப் போகவே 5 மாசம் ஆகும், அதனாலதான் மேல 6 மாசம் முன்னாடியே ஆரம்பிங்கன்னு சொன்னேன்.

எதையும் ஒரே நாள்ல டக்குனு விடாதீங்க. ப்ரொப்ரனலாலைப் படிப்படியாத்தான் குறைக்கணும், இல்லைன்னா நெஞ்சு படபடன்னு அடிக்கும். வலிப்பு நோயும் சேர்ந்து இருக்கறவங்க வால்ப்ரோயேட்டைத் தானா நிறுத்தினா உயிருக்கே ஆபத்து.

தெரியாம சாப்பிட்டுட்டேன், இப்போ ரெண்டு கோடு வந்துருச்சு. கலைச்சுடணுமா?

அழுதுக்கிட்டே இதைக் கேட்டவங்க இதுவரைக்கும் நாலஞ்சு பேர். பதறாதீங்க. மேல சொன்ன கணக்கையே திருப்பிப் பாருங்க, மோசமான மாத்திரைன்னு சொல்ற வால்ப்ரோயேட்லயே 10ல 9 குழந்தைக்கு பிறவிக் குறை இல்லை. ஒரு சாரிடானோ ஒரு நாப்ராக்ஸனோ நாள் தெரியாம போட்டுட்டதுக்காகக் கர்ப்பத்தைக் கலைக்கணும்னு எந்த டாக்டரும் சொல்லமாட்டாங்க.

அதே வாரத்துல டாக்டரைப் பாருங்க, என்ன மாத்திரை, என்ன அளவு, கடைசியா என்னைக்குப் போட்டீங்கன்னு எழுதி எடுத்துட்டுப் போங்க. 11லிருந்து 14 வாரத்துக்குள்ள ஒரு ஸ்கேன், 18லிருந்து 20 வாரத்துல உறுப்பெல்லாம் பார்க்கற ஸ்கேன், ரெண்டையும் தவறவிடாதீங்க.

கர்ப்பமானா தலைவலி தானா போயிடும்னு சொல்றாங்களே, நிஜமா?

பாதி நிஜம். ஆரா இல்லாத மைக்ரேன்ல பாதிக்கு மேல, முக்கால்வாசிப் பேர் வரைக்கும் நல்லாக் குறையுது, ஆனா அது 4ஆம் மாசத்துக்கு மேலதான். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மாசாமாசம் மாதிரி ஏறி ஏறி இறங்காம இருக்கறதுதான் காரணம். முதல் 3 மாசம் நேர்மாறா கூடவும் செய்யலாம், வாந்தியில தண்ணி நிக்காது, பசியோட இருப்போம், தூக்கம் கெடும், போதாக்குறைக்கு "குழந்தைக்கு ஆகாது"ன்னு காபியை ஒரே நாள்ல நிறுத்திடுவோம், காபி நிறுத்தின ரெண்டாம் நாளே தலை வெடிக்கும். ஆரா இருக்கறவங்களுக்கு அவ்வளவா குறையறதில்லை. சிலருக்கு ஆராவே கர்ப்பத்துலதான் முதல் தடவையா வருது, அப்படி புதுசா வந்தா கட்டாயம் காட்டிடுங்க.

எனக்கு முதல் பிள்ளைக்கு 15ஆம் வாரத்துல இருந்து காலண்டர்ல வட்டம் குறைஞ்சு, 6ஆம் மாசம் ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டாவதுக்கு அப்படி இல்லை, கடைசி வரைக்கும் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. அதனால முதல் பிரசவம் மாதிரியே இதுவும் இருக்கும்னு கணக்குப் போடாதீங்க.

வலி வந்துடுச்சு. இப்போ என்னதான் போடறது?

முதல்ல பாராசிட்டமால். வலி உச்சத்துக்குப் போற வரைக்கும் தாங்கிட்டு அப்புறம் போட்டா வேலை செய்யாது, ஆரம்பத்துலயே போடணும், டாக்டர் சொன்ன முழு அளவு போடணும். பொதுவா ஒரு வேளைக்கு 1 கிராம் வரைக்கும், 24 மணி நேரத்துல 4 கிராமைத் தாண்டக்கூடாது, எடை 50 கிலோவுக்குக் கீழ இருந்தா அதைவிடக் கம்மி. சளி மாத்திரைக்குள்ளயும் பாராசிட்டமால் இருக்கும், அதையும் கணக்குல சேர்த்துக்கோங்க. குமட்டலும் சேர்ந்து இருந்தா மெட்டோகுளோப்ரமைட் எழுதுவாங்க, அது வாந்தியை நிறுத்தறது மட்டும் இல்லை, மைக்ரேன்ல வயிறு வேலை செய்யாம நின்னுடும், அதைத் தள்ளிவிட்டு மாத்திரை உள்ள போகவும் உதவும். வாந்திக்கு ஆன்டன்செட்ரான் எழுதினா தலைவலியை ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க, சிலருக்கு அதுவே தலைவலியைக் கிளப்பும்.

இதுக்கும் அடங்கலைன்னா சுமாட்ரிப்டான். மைக்ரேனுக்குன்னே இருக்கற ட்ரிப்டான் வகை மாத்திரையில கர்ப்பிணிகள்கிட்ட ரொம்ப வருஷமா கண்காணிச்சுப் பார்த்தது இதுதான், பிறவிக் குறை கூடினதா தெரியலை. ஆனா பிபி, இதயக் கோளாறு இருந்தா ஆகாது, டாக்டர் சொல்லாம தொடாதீங்க. இபுப்ரோஃபென், நாப்ராக்ஸன், டைக்லோஃபினாக் வகை: கருத்தரிக்கற சமயத்துலயும் முதல் சில வாரத்துலயும் தவிர்க்கறது நல்லது, 20 வாரத்துக்கு மேல வேண்டாம்னு எஃப்டிஏ 2020ல எச்சரிச்சிருக்கு, பனிக்குடத் தண்ணி குறையும், 7ஆம் மாசத்துக்கு மேல குழந்தையோட இதயத்துல இருக்கற ஒரு முக்கியமான ரத்தக்குழாய் முன்கூட்டியே மூடிக்கலாம். பெட்டிக்கடையில ஒத்தையா வாங்கற சாரிடான்லயும் பாராசிட்டமால் மட்டும் இல்லை, ப்ரொபிஃபினசோன்னு இன்னொரு வலி மருந்தும் காஃபினும் கலந்திருக்கு, அதனால அதுவும் வேண்டாம்.

பாராசிட்டமால் போட்டா குழந்தைக்கு ஆட்டிசம் வரும்னு நியூஸ்ல வந்துச்சே?

2025 செப்டம்பர்ல அமெரிக்க அதிபர் பேசினதுல இருந்து இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒண்ணாவது வருது. அதுக்கு முன்னாடியே, 2024ல ஸ்வீடன்ல கிட்டத்தட்ட 25 லட்சம் குழந்தைகளோட விவரத்தை வச்சு ஒரு ஆய்வு வந்திருக்கு. ஒரே தாய் வயித்துல பிறந்த பிள்ளைகள்ல, ஒரு கர்ப்பத்துல பாராசிட்டமால் போட்டு இன்னொண்ணுல போடாம இருந்தவங்களை ஒப்பிட்டுப் பார்த்தப்போ ஆட்டிசத்துல வித்தியாசமே இல்லை. அந்தப் பேச்சுக்கப்புறமும் உலக சுகாதார நிறுவனமும் ஐரோப்பிய மருந்து ஆணையமும் தங்களோட பரிந்துரையை மாத்தலை.

தேவைப்படும்போது, தேவைப்படற அளவு, குறைஞ்ச நாளைக்கு. இந்த நியூஸைப் பார்த்து பயந்து காய்ச்சலுக்குக்கூட மாத்திரை போடாம 103 டிகிரில படுத்துக் கிடந்த ஒரு பொண்ணை எனக்குத் தெரியும், கர்ப்பத்துல அந்தக் காய்ச்சல்தான் ஆபத்து.

பாராசிட்டமால் சேஃப்னா தினமும் ஒண்ணு போட்டுக்கறேன், 500தானே?

கூடாது. சேஃப்ங்கறது வேற, தினமும்ங்கறது வேற. பாராசிட்டமால் மாதிரி தனி மாத்திரையை மாசத்துல 15 நாளுக்கு மேலயும், கலவை மாத்திரை, ட்ரிப்டான், எர்காட்டமின் எல்லாம் 10 நாளுக்கு மேலயும் மாசக்கணக்குல போட்டா, மாத்திரையே தலைவலியை உண்டாக்க ஆரம்பிச்சுடும். மாத்திரை இறங்கினா வலி, வலிக்கு மாத்திரை, திரும்ப வலி. என்னோட 17 வட்டத்துல பாதி இப்படி வந்ததுதான்னு டாக்டர் கண்டுபிடிச்சாங்க, ஏன்னா காலண்டர்ல வட்டத்துக்குப் பக்கத்துல மாத்திரையும் குறிச்சிருந்தேன். வாரத்துக்கு ரெண்டு நாளுக்கு மேல மாத்திரை தேவைப்படுதுன்னா வேற வழி யோசிக்கணும்னு அர்த்தம்.

அத்தை பத்து போடுன்னு சொல்றாங்க, அம்மா காபியே தொடாதேங்கறாங்க. மாத்திரை இல்லாம எதெல்லாம் உதவும்?

சுக்கை உரசி நெத்தியில பத்து போடறதுல தப்பில்லை, எனக்கே இதமா இருக்கும், எரிஞ்சா கழுவிடுங்க. இஞ்சி குமட்டலுக்கு நல்லதுதான். உள்ளுக்குச் சாப்பிடற செந்தூரம், பற்பம், பேர் தெரியாத சூரணம் எதுவும் கர்ப்பத்துல வேண்டாம், சித்த மருத்துவம் பார்க்கறதா இருந்தா படிச்ச சித்த டாக்டர்கிட்ட கர்ப்பம்னு சொல்லிட்டுக் கேளுங்க. காபியை முழுசா விட வேண்டியதில்லை, நாளைக்கு 200 மி.கி. காஃபினுக்குள்ள, அதாவது ஒண்ணு ரெண்டு சின்ன டம்ளர், ஆனா தினமும் அதே நேரத்துல அதே அளவு.

பெரிய எதிரி பசி. கர்ப்பமா இருக்கும்போது சஷ்டி, பிரதோஷம்னு பட்டினி விரதம் வேண்டாம், சாமி கோவிச்சுக்காது. 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏதாவது, ராத்திரி தலைமாட்டுல ரெண்டு பிஸ்கட், ஒரு சொம்பு தண்ணி. தூக்கம் ஞாயித்துக்கிழமையும் அதே நேரத்துக்கு. ரத்தசோகையும் தலைவலியைக் கூட்டும், ஹெச்பி (ஹீமோகுளோபின்) எவ்வளவுன்னு பாருங்க.

வாசனையைச் சொல்லியே ஆகணும். என் வளைகாப்பு மே மாசம், மண்டபத்துல ஏசி இல்லை, பட்டுப்புடவை, தலை நிறைய மல்லி, பக்கத்துலயே சாம்பிராணி, வர்றவங்க எல்லாம் கன்னத்துல சந்தனம் பூசி பன்னீர் தெளிக்கறாங்க, மேளச் சத்தம் வேற. எட்டாவது ஆள் வளையல் போடும்போது இடது கண்ணு முன்னால அந்த வளைஞ்ச கோடு ஓட ஆரம்பிச்சுடுச்சு. ஃபங்ஷன்ல எழுந்து போனா நல்லா இருக்காதுன்னு பல்லைக் கடிச்சுட்டு உட்கார்ந்திருந்தேன், அன்னைக்கு ராத்திரி வாந்தி எடுத்து எடுத்து குளுக்கோஸ் ஏத்தற அளவுக்குப் போச்சு. ரெண்டாவது பிள்ளைக்கு வீட்லயே காலையில 8 மணிக்கு, கனகாம்பரம் மட்டும், சாம்பிராணி வாசலோட. ஒரு மணி நேரத்துல முடிச்சோம், யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

இதெல்லாம் பண்ணியும் வாரத்துக்கு மூணு நாள் வருது. தினமும் போடற தடுப்பு மாத்திரை கர்ப்பத்துல உண்டா?

உண்டு. "10 மாசம் பொறுத்துக்கோ"ன்னு சொல்றதோட யாராவது நிறுத்தினா இன்னொரு டாக்டரைப் பாருங்க. சாப்பிட முடியாம எடை குறைஞ்சு, தண்ணி வத்தி, தூங்காம, மனசு உடைஞ்சு போற அளவுக்குத் தலைவலி இருந்தா அதுவும் கர்ப்பத்துக்குக் கெடுதல்தான். குறைஞ்ச அளவு ப்ரொப்ரனலால் இல்லைன்னா 10, 25 மி.கி. அமிட்ரிப்டிலின், இது ரெண்டுதான் அதிகமா குடுக்கறாங்க. ப்ரொப்ரனலால்ல குழந்தை எடை சரியா ஏறுதான்னு ஸ்கேன்ல பார்ப்பாங்க, பிரசவம் நெருங்கும்போது குறைக்கச் சொல்லலாம், பிறந்த குழந்தைக்கு சுகர் குறையுதா, இதயத்துடிப்பு குறையுதான்னு ஒரு நாள் கவனிப்பாங்க. ஆஸ்துமா இருந்தா ப்ரொப்ரனலால் கூடாது.

பின்மண்டையில மரத்துப்போற ஊசி போடறதும் உண்டு, மருந்து அந்த இடத்துலயே நிக்கறதால கர்ப்பத்துல பரவாயில்லைங்கறாங்க, எனக்கு ரெண்டாவது கர்ப்பத்துல ரெண்டு தடவை போட்டாங்க, ஒரு தடவைக்கு மூணு வாரம் நிம்மதியா இருந்தேன். மெக்னீசியம் மாத்திரையும் சிலருக்கு எழுதுவாங்க.

நான் ஏற்கனவே தலைவலிக்காரி. எது சாதாரணம், எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

இந்தப் பக்கத்துல ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீங்கன்னா இதைப் படிங்க. தலைவலிக்காரிங்கறதாலயே நம்மளோட ஆபத்தான தலைவலியை வீட்லயும் கண்டுக்கமாட்டாங்க, நாமளும் "வழக்கமா வர்றதுதான்"னு படுத்துடுவோம். உங்க வழக்கமான வலி எப்படின்னு உங்களுக்குத் தெரியும், அது மாதிரி இல்லைன்னு உடம்பு சொன்னா அதை நம்புங்க.

20 வாரத்துக்கு மேல தலைவலி வந்து பாராசிட்டமாலுக்கு அடங்கலைன்னா முதல் வேலை பிபி பார்க்கறது. 140க்கு 90ஓ அதுக்கு மேலயோ இருந்தா, கண்ணுல பூச்சி பறந்தா, மேல்வயிறு வலது பக்கம் வலிச்சா, முகம் கை திடீர்னு வீங்கினா, அது மைக்ரேன் இல்லை, பிபி தலைக்கேறி வலிப்பு வர்றதுக்கு முந்தின கட்டமா இருக்கலாம். அதே மாதிரி ஒரு நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போன இடி மாதிரி வலி, காய்ச்சலும் கழுத்து இறுக்கமும், வலிப்பு, ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கறது, பேச்சு குழறறது, ஒரு மணி நேரம் தாண்டியும் போகாத ஆரா, படுத்தா இருமினா கூடற வலி, இதுல எது வந்தாலும் காலையில பார்க்கலாம்னு இருக்காதீங்க, 108 கூப்பிடுங்க. வீட்ல ஒரு பிபி மெஷின் வாங்கி வச்சுக்கோங்க, பிரசவம் முடிஞ்ச பிறகும் வேணும்.

வலி மாத்திரை வேண்டாங்கறீங்க, ஆனா எனக்கு எக்கோஸ்பிரின் தினமும் போடச் சொல்லியிருக்காங்களே?

அது தலைவலிக்கு இல்லை. ஆஸ்பிரின்தான், ஆனா 75லிருந்து 150 மி.கி. வரைக்குமான சின்ன அளவு, பிபி ஏறறதைத் தடுக்கறதுக்காக 12 வாரத்துல இருந்து ராத்திரியில குடுக்கறது. மேல இபுப்ரோஃபென் வகையைப் பத்தி எழுதினதைப் படிச்சுட்டு இதை நிறுத்திடாதீங்க, எப்போ நிறுத்தணும்னு லேடி டாக்டரே சொல்லுவாங்க.

எம்ஆர்ஐ எடுக்கச் சொல்றாங்க, குழந்தைக்குக் கதிர் படுமா?

எம்ஆர்ஐல கதிர்வீச்சே கிடையாது, காந்தம்தான். நரம்புல ஏத்தற சாய மருந்து மட்டும் கர்ப்பத்துல தவிர்ப்பாங்க. அவசரத்துக்குத் தலைக்கு சிடி எடுத்தாலும் வயித்துக்குப் போற கதிர் ரொம்ப ரொம்பக் கம்மி. ஆபத்து அறிகுறி இருந்து எடுக்கச் சொன்னா தள்ளிப்போடாதீங்க.

முதுகுல ஊசி போட்டு ஆபரேஷன் பண்ணினா தலைவலி நிரந்தரமாயிடுமா?

ஆகாது. சிலருக்கு ஊசி போட்ட ஓட்டை வழியா தண்டுவட நீர் கசிஞ்சு ஒண்ணு ரெண்டு நாள்ல ஒரு தலைவலி வரும், அதுக்கு ஒரு அடையாளம் இருக்கு, உட்கார்ந்தா நின்னா மண்டை பிளக்கும், நிமிர்ந்து படுத்தா குறையும். மைக்ரேன் அப்படி இருக்காது. பெரும்பாலும் தானா சரியாகும், ஆகலைன்னா நம்ம ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து அதே இடத்துல செலுத்தி அடைப்பாங்க. மயக்க டாக்டர்கிட்ட மைக்ரேன் இருக்குன்னு முன்னாடியே சொல்லிடுங்க. தலைவலிங்கற ஒரே காரணத்துக்காக சிசேரியன் தேவையில்லை.

பிரசவத்துக்கப்புறம் திரும்ப வந்துடுமா? பால் குடுத்துக்கிட்டு மாத்திரை போடலாமா?

ஹார்மோன் ஒரேயடியா இறங்கும், தூக்கம் கிடையாது, அதனால பாதிப்பேருக்கு முதல் மாசத்துலயே திரும்பிடுது. தாய்ப்பால் குடுக்கறவங்களுக்குக் கொஞ்சம் தள்ளிப்போகலாம். பாராசிட்டமால், இபுப்ரோஃபென் ரெண்டும் பால் குடுக்கும்போது போடலாம். சுமாட்ரிப்டான் பாலுக்குப் போறது ரொம்பக் கம்மி, டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கலாம். எர்காட்டமின், கோடீன், வலிக்குப் போடற அளவு ஆஸ்பிரின் வேண்டாம்.

இன்னொண்ணு, இதை நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க. "பச்சை உடம்புக்காரி தண்ணி குடிச்சா வயிறு போட்டுடும்"னு பிரசவம் ஆனவளுக்குத் தண்ணியை அளந்து குடுக்கற பழக்கம் இன்னும் இருக்கு. பிரசவம் ஆன சில வாரத்துக்கு ரத்தம் சீக்கிரம் உறையற நிலையில இருக்கும், அதுல உடம்புல தண்ணியும் வத்தினா மூளையில இருந்து ரத்தம் வடியற குழாய்லயே உறைஞ்சுடலாம். முதல்ல வெறும் தலைவலியாத்தான் ஆரம்பிக்கும், அப்புறம் வலிப்பு. வெந்நீரோ பச்சைத்தண்ணியோ, தாகம் அடங்கற வரைக்கும் குடிக்கட்டும், பால் குடுக்கறவளுக்கு இன்னும் அதிகமாவே வேணும். மேல சொன்ன ஆபத்து அறிகுறி எல்லாம் குழந்தை பிறந்து 6 வாரம் வரைக்கும் பொருந்தும்.

எனக்கு ஆரா இருக்கு. அடுத்த குழந்தை இப்போ வேண்டாம்னா மாலா-டி போடலாமா?

வேண்டாம். மாலா-டி மாதிரி ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை ஆரா இருக்கறவங்களுக்கு பக்கவாதம் வர்ற வாய்ப்பைக் கூட்டும், எந்த வயசா இருந்தாலும் கூடாதுன்னுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது. ஹார்மோனே இல்லாத காப்பர்-டி இருக்கு, பிரசவ வார்டுலயே போட்டுக்கலாம். டோபிராமேட் போடறவங்க இன்னும் கவனமா இருக்கணும், அந்த மாத்திரை கூடுதல் அளவுல கருத்தடை மாத்திரையோட வேலையைக் கெடுக்கும், அப்புறம் தெரியாம கர்ப்பமாகி முதல்ல இருந்து அந்தக் கலக்கம்.

நான் புருஷன் கேக்கறேங்க. வலி வந்தா அவ பேசவே மாட்டேங்கறா, நான் என்ன பண்ணட்டும்?

தம்பி, அந்த நேரத்துல எதையும் கேக்காதீங்க, பதில் சொல்றதே வலிக்கும். ஜன்னலைச் சாத்தி லைட்டை அணைச்சுட்டு, கட்டில் பக்கத்துல ஒரு பக்கெட், ஒரு ஈரத்துண்டு, மூடி போட்ட டம்ளர்ல தண்ணி வச்சுடுங்க. தாளிக்கற வாசனை வராம சமையல்கட்டுக் கதவைச் சாத்துங்க. பிபி பாருங்க, எத்தனை மணிக்கு என்ன மாத்திரை குடுத்தீங்கன்னு காலண்டர்ல எழுதுங்க. உங்க அம்மா ஏதாவது சொன்னா அதுக்கு நீங்க பதில் சொல்லுங்க, அவ சொல்ல வேண்டாம். அடுத்த செக்கப்புக்கு அந்தக் காலண்டரை ஆணியில இருந்து கழட்டி கூடவே எடுத்துட்டுப் போங்க.